சம்பந்தி வாட்சுக்கும் என் வாட்சுக்கும் நடந்த போட்டி

மரியாதைக்குரிய சம்பந்தி, பல் டாக்டர் அவர்களுக்கு வணக்கம்.

முதலில் என் கையெழுத்தை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். கோடு நேராகத்தான் போகிறது. நான்தான் ஒரு வரியில் ஏறி அடுத்த வரியில் இறங்கிவிடுகிறேன். எழுபத்திரண்டு வயதில் பேனா பிடித்தவன் என்பதால் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கிறேன். தாளைத் திருப்பித் தடவினால் பின்பக்கத்திலிருந்தும் படிக்கலாம். எங்கெல்லாம் மை திட்டாக இருக்கிறதோ அங்கெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் சம்பந்தியம்மாவும், உங்கள் மூத்த மகள் வீட்டாரும் அந்தக் குளிரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். உங்கள் வாட்சும் சௌக்கியம். கீழே படிக்கும்போது நடுவில் உங்களுக்குச் சந்தேகம் வரும். அப்போதெல்லாம் மேலே வந்து அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி படித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து எழுதினால்தான் எனக்குக் கை வருகிறது. என் மகனுக்கும் உங்கள் இளைய மகளுக்கும் பிறந்த நம் பேத்தி ரயில் ஓட்டுநராகிவிட்டாள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். என்ஜினுக்குள் செல்போன் எடுத்துப் போகக் கூடாது, கையில் வாட்ச் கட்டாயம் வேண்டும் என்று அவள் சொன்ன அடுத்த நொடி நீங்கள் உங்கள் கையை நீட்டினீர்கள், நான் என் கையை நீட்டினேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி முகம், நடுவில் மட்டும் அறுபது வருஷம். உங்களுடையது நீங்கள் ஓய்வு பெற்றபோது உங்களுக்கே நீங்கள் வாங்கிக்கொண்டது. என்னுடையது யாரோ ஒரு பெரிய மனிதர் அந்தக் காலத்தில் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வராமலே போய், கடை மூடிய அன்று முதலாளி மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து என் கையில் கட்டிவிட்டது. அன்றைக்கு நாம் இருவரும் கூடத்தில் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"இது கடலுக்கு அடியில முந்நூறு மீட்டர் போகும், சம்பந்தி."

"ரயில் எதுக்குங்க கடலுக்கு அடியில போகுது?"

"உங்களுது தினமும் சாவி குடுக்கலன்னா மறுநாளே படுத்துடும்."

"நானும்தான் சாப்பாடு போடலன்னா படுத்துடுவேன். அதுக்காக வீட்டை விட்டுத் துரத்திடுவாங்களா?"

பேத்தி நடுவில் வந்து, "தாத்தா ரெண்டு பேரும் பேசி முடிச்சு ஒண்ணே ஒண்ணு குடுங்க. ரெண்டு கையிலயும் கட்டிக்கிட்டு வண்டி எடுத்தா என்னைத்தான் முதல்ல இறக்கி விடுவாங்க" என்றாள். அதன் பிறகுதான் நீங்கள் அந்தப் போட்டியை வைத்தீர்கள். மூத்த மகளைப் பார்க்க வெளிநாடு போவதால் நீங்கள் ஒரு மாதம் ஊரில் இருக்க மாட்டீர்கள். இரண்டு வாட்சும் என் வீட்டில் இருக்கட்டும். ஒரே நாளில் ரேடியோ மணிக்குச் சரியாக வைத்துவிட்டு, அதன் பிறகு முள்ளைத் தொடாமல், இரண்டு வாரம் தினமும் காலையில் ஒத்துப் பார்ப்பது. எது குறைவாகப் பொய் சொல்கிறதோ அது பேத்தி கைக்கு. "நாற்பத்தோரு வருஷம் வாட்ச் கடையில இருந்தவர், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" என்று உங்கள் வாட்சைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தீர்கள். கடையில் நான் செய்த வேலை கதவு திறப்பது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் முன்னால் நீங்கள் அதைச் சொல்லவில்லை. அந்த மரியாதைக்காகவே இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூடப் பொய் எழுதக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கதவுப் பக்கத்தில் நின்றாலும் எனக்குச் சில விஷயங்கள் தெரியும். அந்தக் காலத்து வாட்ச் சட்டைக் கைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மணி பார்க்க வேண்டும் என்றால் மனிதர்தான் சட்டையைத் தள்ளி அதை எழுப்ப வேண்டும். இந்தக் காலத்து வாட்ச் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். பழைய வாட்ச் கட்டியவர்கள் கதவைத் தாண்டும்போது இடது கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். புதிய வாட்ச் கட்டியவர்கள் இடது கையாலேயே கதவைத் தள்ளுவார்கள், எனக்கு வேலையே இருக்காது. அதனால் உங்கள் வாட்சைப் பற்றி ஆரம்பத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது உண்மை.

இப்போது அந்த நான்கு பக்கத்துக்கு வருகிறேன். வாட்சை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நீங்கள் உங்கள் கையால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். இத்தனை வயதுக்கு என் பெயருக்கு வந்த முதல் எழுத்து அதுதான். வீட்டுக்காரி, "குடுங்க, நான் ஒரே மூச்சில படிச்சுச் சொல்றேன்" என்று கையை நீட்டினாள். கொடுக்க மாட்டேன் என்றுவிட்டேன். இன்னொருவர் மென்று கொடுத்ததைச் சாப்பிடச் சொல்கிற மாதிரி இருந்தது. பல் டாக்டரான உங்களுக்குப் புரியும். நான் எழுத்துப் படிக்கப் போகிற நூலக வகுப்பில் சொல்லித் தந்தபடி வரிக்குக் கீழே விரலை வைத்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று நிதானமாகப் படித்தேன். நான்கு நாளும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான்கு நாளும் உங்கள் வாட்சுக்குத்தான் கொஞ்சம் சிரமமாகப் போய்விட்டது.

முதல் பக்கத்தில், "இது கை அசைவில் ஓடும் வாட்ச். அசைவு இல்லாவிட்டால் நின்றுவிடும்" என்று எழுதியிருந்தீர்கள். அதோடு அந்தப் பக்கம் முடிந்தது, நானும் அன்றைய படிப்பை முடித்துக்கொண்டேன். நின்றுவிடும் என்று படித்த பிறகு மனது கேட்குமா? காலையிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஆட்டியதால் தெருவில் போனவர்கள் எல்லோரும் திருப்பி ஆட்டினார்கள். இரண்டு பேர் உள்ளேயே வந்துவிட்டார்கள், டீ போட வேண்டியதாயிற்று. மதியம் தோள் வலித்தது. அதனால் இடமும் வலமும் திரும்புகிற மேசை மின்விசிறியின் கழுத்தில் வாட்சைக் கட்டினேன். அது வாட்ச் கனத்தில் தலையைத் தொங்கப்போட்டு வீட்டுக்காரியின் காலுக்கு மட்டும் காற்றடித்தது. "எனக்கு வேர்க்குது, உங்க சம்பந்தி வாட்ச் காத்து வாங்குது" என்று அவள் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டாள்.

அப்போதுதான் மாடியிலிருந்து தையல்காரம்மாவின் நாய் இறங்கி வந்தது. சம்பந்தி, நீங்கள் அந்த நாயைப் பார்த்திருக்கிறீர்கள். வாலை ஆட்டும்போது உடம்பு முழுக்க ஆடும். இதைவிட அசைகிற ஒரு ஜீவனை எங்கே தேடுவது?

"அம்மா, உங்க நாயை ஒரு ரெண்டு மணி நேரம் குடுங்க."

"எதுக்குங்க?"

"வாட்ச் கட்டணும்."

தையல்காரம்மா வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "அது எந்த ஆபீசுக்குங்க போகப் போகுது?" என்றார். விவரம் சொன்னேன். அவரும் நல்ல மனுஷி, கழுத்துப் பட்டையில் அவரே கட்டிவிட்டார். கட்டிய அடுத்த நொடி நாய் படுத்துவிட்டது. நான்கு வருஷத்தில் அந்த நாய் அசையாமல் இருந்து நாங்கள் பார்த்ததே இல்லை. காலை நீட்டி, தாடையைத் தரையில் வைத்து, பெரிய பொறுப்பு வந்துவிட்டதைப் போல ஒரு பார்வை. அரை மணி நேரம் நானும் தையல்காரம்மாவும் குனிந்து கெஞ்சினோம். பிறகு தெருமுனையில் குப்பை வண்டி வந்து மணி அடித்தது. அவ்வளவுதான், வாட்ச் போய்விட்டது. முன்னால் குப்பை வண்டி, அதன் பின்னால் நாய், அதன் பின்னால் நான், எனக்குப் பின்னால் கழுத்தில் அளவு நாடா பறக்கத் தையல்காரம்மா. மருந்துக் கடைக்காரர் வெளியே வந்து, "என்னங்க ஆச்சு?" என்றார்.

"நாய் வாட்ச்சோட ஓடுது!"

"சரி, மணி என்னன்னு கேட்டுச் சொல்லுங்க."

சலவைக் கடைக்குப் பின்னால் சேற்றில் குழி தோண்டிக்கொண்டிருந்த இடத்தில் பிடித்தோம். வாட்ச் முழுக்கச் சேறு. துடைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை ரேடியோ மணியோடு ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு இரண்டாம் பக்கத்தைப் பிரித்தேன். "பத்து மணி நேரம் கையில் இருந்தால் மூன்று நாள் தானாக ஓடும். எதிலும் கட்டித் தொங்கவிட வேண்டாம்" என்றிருந்தது.

இடுக்கில் ஒட்டிய சேறு காய்ந்து போயிருந்ததால் அன்றைக்கு வாட்சைக் கழுவினேன். வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்து, பழைய பல் பிரஷ்ஷை எடுத்து, எங்கள் எல்லோருக்கும் நீங்கள் சொல்லித் தந்தபடியே மேலும் கீழுமாக, ஒவ்வொரு இடுக்கிலும் இரண்டு நிமிஷம். அன்று காலை பழைய பழக்கத்தில் உங்கள் வாட்சின் ஓரத்தில் இருக்கிற சாவித் திருகையும் தளர்த்திச் சாவி கொடுத்திருந்தேன். அதைத் திரும்ப இறுக்கவில்லை. முந்நூறு மீட்டர் ஆழம் தாங்குகிற வாட்சுக்கு என் வாளி ஒரு முழம் ஆழம்தானே என்று தைரியமாக இருந்தேன். சாயந்திரம் பார்த்தால் கண்ணாடிக்கு உள்ளே பனி மூடியிருக்கிறது. முள் இருக்கிற இடம் மலைப் பாதையில் லாரி வருகிற மாதிரி மங்கலாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் மூன்றாம் பக்கம்: "தண்ணீர் படுவதற்கு முன் திருகை முழுவதும் இறுக்கவும். இது மிக முக்கியம்." அதன் கீழே நீங்கள் இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். நல்ல நேரான கோடு, சம்பந்தி. எனக்கு அப்படி வர இன்னும் நாளாகும்.

எதிர்ச் சலூனுக்கு ஓடினேன்.

"வாங்கய்யா, கட்டிங்கா ஷேவிங்கா?"

"எனக்கு இல்லப்பா, இதுக்கு."

சலூன்காரர் நாற்காலியைத் தட்டிவிட்டு, வாட்சை அதன் நடுவில் உட்கார வைத்து, சுற்றி வெள்ளைத் துணி போட்டு, முடி காய வைக்கிற அந்தச் சூடான காற்றுக் கருவியைக் கால் மணி நேரம் பிடித்தார். காத்திருந்த மூன்று பேரும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகி, முதலில் பன்னிரண்டு தெரிந்தது, பிறகு மூன்று, பிறகு முழு முகமும் பளிச்சென்று வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். சலூன்காரர் ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து வாட்சுக்குப் பின்னால் பிடித்து, "பின்னாடி போதுமான்னு பாத்துக்கங்க" என்றார். நான்காம் நாள், நான்காம் பக்கம், முதல் வரி: "சூடு படக் கூடாது."

அதற்கு மேல் படிக்கப் பக்கம் இல்லாததால் அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. சம்பந்தி, தயவுசெய்து இப்போது மேலே போய் அந்த வரியைப் படித்துவிட்டு வாருங்கள்.

இத்தனைக்கும் என் வாட்சுக்கு ராஜ உபசாரம். தோற்றுவிட்டால் வாட்சைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது இல்லையா? பச்சை வெல்வெட் துணியை நான்காக மடித்து, ரேடியோப் பெட்டியின் தலைமேல் வைத்து, அதன் மேல் வாட்சை வைத்தேன். ரேடியோக்காரர் மணி சொன்னால் நேராக அதன் காதில் விழட்டும் என்றுதான் அந்த இடம். காலையில் சாவி கொடுக்க மட்டும் எடுப்பேன். யாரையும் பக்கத்தில் இருமக்கூட விடவில்லை.

இரண்டாம் நாள் காலையில் அது ரேடியோவைவிட இருபது நிமிஷம் முன்னால் ஓடியிருந்தது. மூன்றாம் நாள் நாற்பது. இவ்வளவு காலம் என்னிடம் ஒரு நாளைக்குச் சில செகண்டு பின்தங்குமே தவிர முன்னால் ஓடியதே கிடையாது. அதனால் நான் அதைச் சந்தேகப்படவில்லை. உங்கள் வாட்சையும் ரேடியோவையும்தான் சந்தேகப்பட்டேன். இரண்டும் இந்தக் காலத்து ஆட்கள், ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் பேசி வைத்துக்கொண்டு சொல்கின்றன என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எப்போதும் என் வாட்சுக்குத்தான் எல்லாம் நடக்கும், அன்றும் அதற்கே நடந்தது. நூலக வகுப்புக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. வராதது டீச்சர்தான் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். ஆறாம் நாள் வீட்டுக்காரிக்குக் கண் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கியிருந்தது. ஒரு மணி நாற்பது நிமிஷம் முன்னால் இழுத்துக்கொண்டு போய், அங்கே வாசல் திறப்பவரோடு உட்கார்ந்திருந்தோம். அவரும் என் தொழில்காரர் என்பதால் எனக்குப் பொழுது நன்றாகப் போயிற்று. அவளுக்குத்தான் போகவில்லை. திரும்பி வந்ததும் சாப்பிட உட்காரச் சொன்னேன்.

"எனக்குப் பசிக்கவே இல்லைங்க. ரேடியோ பன்னிரண்டுங்குது, டாக்டர் வாட்ச் பன்னிரண்டுங்குது, அந்தப் பள்ளிக்கூடத்து மணியும் இப்பத்தான் அடிச்சுது. உங்க வாட்ச் மட்டும் ஒண்ணே முக்கால்."

"மூணு பேரும் சேந்து ஒரே தப்பைப் பண்ணக் கூடாதா?"

"பண்ணலாங்க. ஆனா எனக்குப் பசி நாலாவது ஆளு. அதுவும் அவங்க பக்கந்தான் இருக்குது."

எட்டாம் நாள் பேத்தி பயிற்சியிலிருந்து லீவில் வந்தாள். வந்ததும் இரண்டு வாட்சையும் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு செல்போனில் திசை காட்டுகிற முள்ளைத் திறந்து என் வாட்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த முள், பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி, வடக்கை விட்டுவிட்டு என் வாட்சைத் திரும்பிப் பார்த்தது.

"தாத்தா, வாட்சுக்கு காந்தம் ஏறியிருக்கு. எங்க வச்சிருந்தீங்க?"

"ரேடியோ தலையில. வெல்வெட் போட்டு."

"ஸ்பீக்கருக்குள்ள காந்தம் இருக்கே தாத்தா! உள்ள இருக்கிற சுருள் கம்பி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சுன்னா இப்படித்தான் தலைதெறிக்க ஓடும்."

"அப்ப டாக்டர் தாத்தா வாட்ச்?"

அதை எடுத்து ரேடியோவின் தலையில், வெல்வெட் இல்லாமல், அரை மணி நேரம் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. "இதுல அந்தச் சுருள் இரும்பே இல்ல. காந்தம் கிட்ட வந்து கூப்பிட்டாலும் என்னன்னு கேக்காது" என்றாள். எனக்கு அப்போதே விடை தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"உன் என்ஜின்ல காந்தம் இருக்குமாம்மா?"

"என் சீட்டுக்கு அடியிலயே மோட்டார் தாத்தா. உங்க வாட்சைப் பாத்து வண்டிய எடுத்தேன்னா, ஜனங்க ஸ்டேஷனுக்கு வர்றதுக்கு முன்னாடியே நான் அடுத்த ஊருக்குப் போயிருப்பேன். காலி வண்டி, கரெக்ட் டைம்."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் வாட்சை எடுத்துக்கொண்டு, எங்கள் கடையில் மெக்கானிக்காக இருந்தவர் வீட்டுக்குப் போனேன். அவர் காந்தம் இறக்குகிற ஒரு சின்னப் பெட்டியின் மேல் வாட்சை வைத்து, பட்டனை அழுத்தி, மெதுவாக மேலே தூக்கினார். "முடிஞ்சுது" என்றார். இருமி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. உங்கள் வாட்சையும் காட்டினேன். இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, "இதை நான் திறக்கவே முடியாது, கம்பெனியே வந்தாத்தான் உண்டு. உங்களுதுன்னா கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுவேன்" என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாருங்க, இப்ப உங்க வாட்ச் சரியாயிடுச்சு. நடந்தது நமக்குள்ள இருக்கட்டும். சம்பந்தி வாட்ச் தண்ணியில விழுந்துச்சு, பனி பிடிச்சுதுன்னு மட்டும் எழுதிடுங்க. ஜெயிச்சது நீங்க."

வீட்டுக்காரியும் அதையேதான் சொன்னாள். "நாய் வந்து சாட்சி சொல்லப் போகுதா? எழுதாதீங்க."

சம்பந்தி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இரண்டு நாள் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. என் வாழ்க்கையில் எல்லோருக்கும் கதவு திறந்தேன். என் பேத்தி ஒரு ரயிலையே எடுத்துக்கொண்டு புறப்படுகிற அன்று அவள் மணிக்கட்டில் என் வாட்ச் இருக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசை இருந்தது என்று எழுத எனக்கு இன்னும் தமிழ் போதவில்லை. ஆனால் அவள் அந்த வாட்சைப் பார்ப்பாள், நம்புவாள், அவள் பின்னால் ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதோடு இன்னொரு விஷயம். உண்மையை எழுதவே எனக்கு இவ்வளவு நேரம் ஆகிறது. பொய் என்றால் யோசித்து வேறு எழுத வேண்டும், இந்த வருஷத்தில் முடியாது.

ஆகவே தீர்ப்பு இதுதான். நாய், சேறு, சோப்பு, சலூன், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தாண்டி உங்கள் வாட்ச் பதினான்கு நாளில் ஏழே ஏழு செகண்டு முன்னால் போயிருக்கிறது. வெல்வெட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட என் வாட்ச் ஒரு வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிப் போயிருக்கிறது. நான் தோற்றேன். எனக்கே ஆச்சரியம், தோற்ற பிறகு தோசை திருப்பின மாதிரி மனசு மாறிவிட்டது; உங்கள் வாட்சைப் பார்க்கப் பார்க்க அவ்வளவு பெருமையாக இருக்கிறது! விளக்கை அணைத்தால் நீலமாக எரிகிறது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. என்னுடையதை மாதம் ஒருமுறை பற்பசை போட்டுத் தேய்க்க வேண்டும். செய்தவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பேத்தி மணிக்கட்டுக்குச் சரியாக வர, சங்கிலியில் இரண்டு கண்ணியை எடுத்து ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாளை திங்கட்கிழமை காலை அது அவள் கையில் ஏறும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவர் வணக்கமும், அங்கே இருக்கிற சின்னவர்களுக்கு, எத்தனை பேர் என்று எனக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும், எல்லோருக்கும் போதுகிற அளவு ஆசியும். தையல்காரம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். நாயும் நலம்.

இப்படிக்கு,
தோற்றதில் மகிழ்ச்சியுள்ள உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிட்டேன். ஆனால் உங்கள் மூத்த மகள் வீட்டு முகவரி நான் படித்த எழுத்தில் இல்லை. அதைப் படம் வரைகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து உறையின் மேல் வரைந்து முடிக்க ஒன்பது நாள் ஆகிவிட்டது. இன்று காலை தபால்தலை ஒட்டி நிமிர்ந்தால், நீங்கள் பெட்டியோடு எங்கள் வாசலில் நிற்கிறீர்கள். இப்போது கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறீர்கள், நான் உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பேத்தி போன வாரமே வேலையில் சேர்ந்துவிட்டாள். முதல் நாளே அங்கே கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு வாட்ச் கொடுத்தார்களாம். கறுப்புப் பிளாஸ்டிக், முள்கூடக் கிடையாது, வெறும் எண். வேலை நேரத்தில் அதைத் தவிர வேறு எதையும் கட்டக் கூடாதாம். "தாத்தா, இதுல லைட்டு கூட எரியுது பாருங்க" என்று காட்டிவிட்டு, உங்கள் வாட்சை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இதெல்லாம் தெரியாமல் நீங்கள் வந்ததும் வராததுமாக மேசை மேல் இருந்த என் வாட்சை எடுத்துக் கட்டிப் பார்த்தீர்கள். இன்னும் கழற்றவில்லை. "சம்பந்தி, என்னுது உங்ககிட்டயே இருக்கட்டும். இது காதுல வச்சா பேசுது. என்னுது இத்தனை நாள்ல எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல" என்கிறீர்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பேசாம வேலை பாக்குதுங்க! ஏழே செகண்டு! அதுவும் நாய்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

"நாயா? என்ன நாய்?" என்று அங்கிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். "எல்லாம் லெட்டர்ல இருக்கு, தபால்ல வரும்" என்று சொல்லியிருக்கிறேன். நான் அந்த முகவரியை அவ்வளவு கஷ்டப்பட்டு வரைந்ததால் அதற்கேதான் அனுப்பப் போகிறேன். அங்கே போய், நீங்கள் இல்லை என்று தெரிந்து, உங்கள் மகள் படித்துவிட்டு உங்களுக்குச் சொல்லும்வரை எனக்கு அவகாசம் இருக்கிறது. அதுவரை உங்கள் வாட்சுதான் உசத்தி என்று நானும், என் வாட்சுதான் உசத்தி என்று நீங்களும் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். டீ ஆறுகிறது என்று கூப்பிடுகிறீர்கள், வருகிறேன். மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன். எதிரில் உட்கார்ந்து சண்டையும் போட்டுக்கொண்டு கடிதமும் எழுத எனக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.